ஒரு பிழைக்கு ஒரு பயனர்

பிழையைத் திருத்த வேண்டாம் என்று உலகத்திலேயே ஒரே ஒருவர்தான் கையைத் தூக்கியிருந்தார். தாராபுரத்தில் உரக்கடை மாடியில் திருமணத் தகவல் மையம் நடத்திவந்த சென்னியப்பன். அவர் காரணத்தோடுதான் தூக்கினாரா, பொழுது போகாமல் தூக்கினாரா என்று விசாரிக்கக் கோயம்புத்தூரிலிருந்து தரணீதரன் பஸ் ஏறினான்.

அவனுடைய உத்தியோகமே அதுதான். உலகத்துக் கணினிகளில் பெரும்பாலானவை லினக்ஸ் என்கிற அடிப்படை நிரலின் மேல்தான் நிற்கின்றன. ஒருகாலத்தில் அதை மனிதர்கள் எழுதினார்கள். ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, பாதிப் பேர் சம்பளம்கூட இல்லாமல். இப்போது மேஸ்திரி எழுதுகிறது. மேஸ்திரி ஓர் இயந்திரம். அதற்குச் சம்பளமும் வேண்டாம், திட்டவும் தெரியாது. பழைய ஆட்கள் விட்டுவிட்டுப் போன வழக்கங்களில் ஒன்றை மட்டும் அது வேதவாக்காகப் பிடித்துக்கொண்டது. பயன்படுத்துகிறவன் நம்பியிருப்பதை உடைக்காதே. அவன் நம்பியிருப்பது ஒரு பிழையாகவே இருந்தாலும் உடைக்காதே.

ஆகவே எங்கேயாவது ஒரு பிழையைக் கண்டால் மேஸ்திரி உடனே கை வைக்காது. இதை நம்பி யாராவது இருக்கிறீர்களா என்று உலகத்தைக் கேட்கும். யாரும் வாயைத் திறக்காவிட்டால் திருத்திவிடும். திருத்தம் எல்லா இயந்திரங்களிலும் தானாக ஏறிக்கொள்ளும்; தடுக்க வழி கிடையாது. யாராவது கையைத் தூக்கினால் மட்டும், நேரில் போய்ப் பார்க்க ஒரு மனிதனை அனுப்பும். ஏனென்றால் தேவை என்பது என்ன என்று மேஸ்திரிக்குப் பிடிபடவில்லை. அதை அது வெளிப்படையாக ஒத்துக்கொண்டது.

தரணி பார்த்த வழக்குகள் பலவிதம். கரூரில் ஒரு முட்டை வியாபாரிக்குத் திரை பச்சையாக மாறினால் கிடங்கில் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கோளாறுதான் அவருடைய வெப்பமானி. அனுமதித்தான். பல்லடத்தில் ஓர் ஆசிரியை, வகுப்புக் கணினி உயிர் பெற அரைமணி ஆவதால் பிள்ளைகள் அதற்குள் அன்றைய சண்டையை முடித்துக்கொள்கிறார்கள் என்றாள். அதையும் அனுமதித்தான். சேலத்து வக்கீல் ஒருவர், தானாக நகரும் அம்புக்குறி காலமான தன் சீனியருடைய வேலை என்றார். நிராகரித்தான். வக்கீல் மேல்முறையீடு செய்தார். மனுவில் சீனியரையும் வாதியாகச் சேர்த்திருந்தார்.

தாராபுரம் வழக்கை மட்டும் அவன் கேட்டு வாங்கினான்.

விஷயம், கணினித் திரையில் படம் வரையும் ஒரு கிராபிக்ஸ் கார்டைப் பற்றியது. அதைச் செய்த கம்பெனி எப்போதோ கையைக் கழுவிவிட்டது. லினக்ஸுக்கான டிரைவரை, அதாவது கணினி சொல்வதைக் கார்டுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் நிரலை, அது எழுதித் தரவே இல்லை. யாரோ ஒரு தன்னார்வலர் கார்டைத் தட்டித் தட்டிப் பார்த்து, எதைச் சொன்னால் எதைச் செய்கிறது என்று ஊகித்துத் தானே எழுதினார். அந்தப் புண்ணியவான் ஓரிடத்தில் சறுக்கிவிட்டார். அந்தக் கார்டில் ஒரு வகைக் கணக்கைப் போட்டால், முழுசாக இல்லாத எந்த எண்ணும் மேலே ஏறி முழுசாகிவிடும். காலும் ஒன்று, அரையும் ஒன்று. படம் பார்க்கிறவர்களுக்கு இது உறைக்கவே இல்லை. ஒரு புள்ளி தள்ளித் தெரிந்தால் யாருக்கு என்ன. அந்தக் கார்டில் ஜாதகம் பார்ப்பார்கள், பத்துப் பொருத்தத்துக்கும் தனித்தனியே ஒன்றுக்குள் மார்க் போட்டுக் கூட்டுவார்கள் என்று எழுதியவர் கனவா கண்டார்?

தரணிக்கும் மிருதுளாவுக்கும் பொருத்தம் பார்த்தது அதே மையத்தில்தான். பத்துக்குப் பத்து. கல்யாணத்தில் அதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு வீட்டாரும் கேலி செய்தார்கள். போன ஆடியில், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தவள், ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். மூளையில் ரத்தக்குழாய் என்றார்கள். பத்துக்குப் பத்து பொருத்தமாச்சே என்று துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். அதற்குப் பிறகும் சாப்பிட்டான், வேலைக்குப் போனான், வந்தான்.

இந்தக் கோப்பு வந்தபோதுதான் உள்ளே ஏதோ அசைந்தது. அவனுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தப் பத்து உண்மையில் மூன்றாக இருந்தால், கோபப்பட ஒரு முகவரியாவது கிடைக்கும். அது அவனுக்கு வேண்டியிருந்தது.

சென்னியப்பன் படியிறங்கி வந்து வரவேற்றார். அவனை அடையாளம் தெரியவில்லை. அவனும் சொல்லவில்லை. மாடியில் ஒரு சோபா, நாலைந்து நாற்காலிகள், சுவரோரம் இரண்டு கணினிகள். ஒன்று புதிது. இன்னொன்று அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கவாட்டு மூடி இல்லாமல் உள்ளே இருந்த கார்டு தெரிந்தது.

படம் வரைகிற கார்டு இங்கே எதற்கு என்று தரணி விதிப்படி கேட்டான்.

“ஆயிரம் பையன், ஆயிரம் புள்ள. அத்தன பேரையும் அத்தன பேரோட ஒட்டிப் பாக்கோணுமுங். சாதா மெஷின்ல போட்டா, முடியறதுக்குள்ள புள்ளைக்கு நரச்சுப்போயிரும். இது ஒரே மூச்சுல ஆயிரம் கணக்குப் போடுமுங்.”

“சரிங்க. அதுக்கு ரெண்டு மெஷின் எதுக்கு?”

சென்னியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒண்ணு கணக்குக்குங். ஒண்ணு கல்யாணத்துக்கு.”

காதுக்குள் மேஸ்திரி பேசியது. அது எப்போதும் செந்தமிழில்தான் பேசும். தொடக்கத்தில் யாரோ கைதவறி அப்படித் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மாற்றினால் அதை நம்பியிருப்பவர் யாராவது பாதிக்கப்படுவாரோ என்று அப்படியே விட்டிருந்தது. “அவர் கூற்றை விரித்துரைக்கச் சொல்லுங்கள்” என்றது.

அவர் விரித்தார். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. அவருடைய அப்பா இந்தத் தொழிலைப் பேனாவை வைத்தே நடத்தினாராம். பையனும் பெண்ணும் ஒருவருக்கொருவர் பிடித்துப்போய் உட்கார்ந்திருந்தால் பேனா இரண்டு மார்க் தாராளமாகப் போடும். பிடிக்காமல் உட்கார்ந்திருந்தால் பேனா கறாராகிவிடும். பெற்றவர்களுக்கு மனசு அடங்கும், பிள்ளைகளுக்குக் காரியம் நடக்கும். மேஸ்திரி வந்த பிறகு எல்லாவற்றுக்கும் முத்திரை. கணக்குச் சரி என்று மேஸ்திரி முத்திரை விழாத தாளைப் பஜ்ஜி மடிக்கக்கூட யாரும் வாங்குவதில்லை.

“பொய் சொல்ல எடமே இல்லாமப் பண்ணிப்போட்டாங்க தம்பி. இந்தக் கார்டுல மட்டுந்தான் ஒரு சந்து இருக்குது. அதையும் அடைக்கறமுன்னா எப்படி?”

பிடித்தவர்களைப் பழைய இயந்திரத்தில் போடுவார். அது தூக்கிக் கொடுக்கும். பிடிக்காதவர்களைப் புதியதில் போடுவார். அது உள்ளதை உள்ளபடி சொல்லும். உள்ளது எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். இவ்வளவுதான் தொழில் ரகசியம்.

தரணிக்கு வெகுநாளைக்குப் பிறகு குரல் ஏறியது. “மூணு வாங்குனவங்களப் பத்துன்னு சொல்லி அனுப்பி வெச்சிருக்கீங்க. பின்னால அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

“அதென்னமோ, எம்பொண்டாட்டிக்கும் எனக்கும் ஒம்போதேகாலுங். புது மெஷின்லதான் போட்டுப் பாத்தேன், சுத்தமான கணக்கு. முப்பது வருசமா ரெண்டு பேரும் ஒரே டிவி பாத்ததில்லீங்.” பிறகு குரலைத் தணித்தார். “அப்பறம் தம்பி, அது சுழியத் தூக்காதுங். கால் இருந்தா ஒண்ணாக்கும். துளி இருந்தாலும் ஒண்ணாக்கும். ஒண்ணுமே இல்லீன்னா அதுவும் ஒண்ணும் பண்ணாது.”

“அவருடைய விளக்கம் பிழையற்றது” என்றது மேஸ்திரி.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. பிழை போய்விட்டால் இவருக்கு என்ன நட்டம்? சென்னியப்பன் நேர்மையாக யோசித்து, ஒன்றுமில்லை என்றார். சொல்லப்போனால் பொருத்தம் அமையாதவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். வரும்படி கூடத்தான் செய்யும். நட்டம் தனக்கில்லை, வருகிறவர்களுக்குத்தான்.

மேஸ்திரி இதை எடுத்துக்கொண்டு சட்டம் பேசியது. அடுத்தவருக்காகக் கையைத் தூக்க முடியாது. நம்பியிருப்பவரே தூக்க வேண்டும். அவர் தெரிந்து நம்பியிருக்க வேண்டும். இங்கே வருகிற பையனுக்கும் பெண்ணுக்கும் பிழை இருப்பதே தெரியாது. அவர்களுக்குச் சொன்னால் அவர்கள் வாயிலிருந்து பெற்றவர்கள் காதுக்குப் போகும். பெற்றவர்களுக்குத் தெரிந்த நிமிடமே பிழை பயனற்றதாகிவிடும். எனவே இந்தப் பிழைக்குச் சட்டப்படியான பயனர் ஒருவர் இருக்கவே வழியில்லை.

“தாங்கள் இங்கிருந்து கிளம்பும்போது வழக்கை முடித்துத் திருத்தத்தை அனுப்பிவிடுகிறேன்” என்றது.

தரணி அதை அப்படியே சென்னியப்பனிடம் சொன்னான். அவர் தலையாட்டினார். கீழே கடைப் பையனை அனுப்பிக் காபி வாங்கி வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றான். ஒரு சோதனை மட்டும் பாக்கி இருக்கிறது, புதிய இயந்திரம் வேண்டும் என்றான்.

அவன் தன் பிறந்த தேதியையும் நேரத்தையும் ஊரையும் தட்டினான். மிருதுளாவினுடையதையும் தட்டினான். ஒன்றுக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. விரல் மட்டும் ஒரு தடவை எழுத்து மாறிப் போட்டது, திருத்தினான். மூன்று வரட்டும் என்று நினைத்தான். நாலு வந்தாலும் போதும்.

திரையில் ஒன்பது புள்ளி ஏழு என்று வந்தது.

இன்னொரு தடவை போட்டான். ஒன்பது புள்ளி ஏழு. சுத்தமான கணக்கு. மேஸ்திரி முத்திரையோடு. கோபப்பட முகவரி கிடையாது.

சென்னியப்பன் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பெயர்களைப் படித்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். “ஏனுங் தம்பி, காங்கேயத்து வரனுதான நீங்க? இது நாம பாத்ததாச்சுங்களே.”

“ஆமாங்க. பத்துன்னு சொன்னீங்க.”

“அப்ப பழையதுல போட்டிருக்கறனுங்.”

“ஒம்போது புள்ளி ஏழு இருக்கறப்ப எதுக்குப் பழையதுல போட்டீங்க? புதுசுல போட்டிருந்தாலும் நடந்திருக்குமே.”

“நா எங்கீங் மார்க்கப் பாத்தேன். மார்க்கு கடைசியில வர்றது. மொதல்ல ஆளத்தான் பாக்கறது.”

“நான் அவளையே பார்த்துட்டு இருந்தது எனக்கே தெரியுமுங்க. வெச்ச காபி ஆறிப்போச்சு.”

சென்னியப்பன் சிரித்தார். “பசங்க பாக்கறத நா கணக்குலயே சேத்தறதில்லீங். எல்லாப் பசங்களும் எல்லாப் புள்ளைகளயும் பாப்பானுங்க. அத நம்பி மெஷினத் தொட்டா தொழில் நாறிப்போயிரும். புள்ள பாத்தாத்தானுங் பழைய மெஷினு.”

தரணி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கல்யாணமான மூன்று வருஷத்தில் எத்தனையோ தடவை அவளிடம் கேட்டிருக்கிறான், அன்றைக்கு உனக்கு என்னைப் பிடித்திருந்ததா என்று. போனால் போகிறது என்று ஒத்துக்கொண்டேன் என்பாள். காய் நறுக்கும்போது கேட்டாலும் அதேதான், காய்ச்சலில் கேட்டாலும் அதேதான். ஒரு தடவைகூட அவள் மாற்றிச் சொன்னதில்லை.

மீதி இருந்த அந்தப் புள்ளி மூன்றை எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறது ஒரு பழைய கார்டு. அதற்குக் காரணம் அவள் பார்த்தது.

“அம்மிணி சௌக்கியமா இருக்குதுங்களா?” என்று சென்னியப்பன் கேட்டார்.

“போன ஆடியில தவறிட்டாங்க.”

அவர் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே உரக்கடையில் யாரோ மூட்டை எண்ணும் சத்தம் கேட்டது. மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. எப்போது பேசக் கூடாது என்பதை அதற்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ தெரியாது.

அன்று மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்த குடும்பங்கள் அப்போதுதான் படியேறின. வரன்கள் பல்லக்கவுண்டன்பாளையத்துக் கால்நடை மருத்துவரான பெண் ஒருத்தியும், மூலனூரில் கயிறு மில் வைத்திருக்கும் பையன் ஒருவனும். பெண்ணின் அப்பா கைபேசியில் பிறந்த விவரங்களைத் தயாராக வைத்துக்கொண்டு, முத்திரை இன்றைக்கே கிடைக்கும் அல்லவா என்பதை மூன்று விதமாகக் கேட்டார். சென்னியப்பன் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. முகம் கழுவி வருவதாகச் சொன்னார். போகிற போக்கில் தரணியிடம், நீங்களே போட்டுவிடுங்கள், நான் வர நேரமாகும் என்றார். இரண்டு இயந்திரங்களில் எது என்று சொல்லவில்லை.

தரணி பெண்ணைக் கவனித்தான். பவதாரிணி என்று பெயர் சொன்னார்கள். பையன் ஓயாமல் அவளையே பார்த்தான். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. முதுகைக் காட்டாத குறையாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் இதே முகத்தோடுதான் பார்ப்பாள் போலிருந்தது. பையனின் அம்மா என்ன கேட்டாலும் ஒரு வார்த்தையில் பதில். பெண்ணின் அப்பா பெருமூச்சு விட்டார். பையனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிக்கொண்டு வந்தது.

தரணி புதிய இயந்திரத்தின் முன்னால் போய் நின்றான். பிடிக்காதவர்களுக்கு அதுதான் மரியாதை.

அப்போது பையன் ஜன்னல் வெயில் கண்ணில் அடிக்கிறது என்று நாற்காலியை ஒரு முழம் நகர்த்திப் போட்டான். பவதாரிணியின் கண்ணும் ஒரு முழம் நகர்ந்தது.

தரணி அவள் பார்க்கும் இடத்தைப் பார்த்தான். சுவர் இல்லை. அணைத்து வைத்திருந்த பழைய இயந்திரத்தின் திரை. கறுப்புக் கண்ணாடி. அதில் அறை முழுவதும் தெரிந்தது. சோபா, பெண்ணின் அப்பா, ஜன்னல், நட்டநடுவில் தொங்கிய முகத்தோடு கயிறு மில்காரன். வந்ததிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவனைத்தான்.

கார்டும் இல்லாமல், டிரைவரும் இல்லாமல் ஒரு படம் இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதைத் தரணி தன் உத்தியோகத்தில் இதுவரை பார்த்ததில்லை.

அவன் இரண்டடி நகர்ந்து பழைய இயந்திரத்தின் பக்கத்தில் வந்து நின்றான். மறைக்காமல் நின்றான்.

“வழக்கை முடிக்கலாமா?” என்று மேஸ்திரி காதில் கேட்டது. “பயனர் எவரும் இலர் என்று பதிகிறேன்.”

“இருக்காங்க” என்றான் தரணி தணிந்த குரலில். “ஒரு ஆள்.”

“பெயர்?”

சொன்னான்.

“தாங்கள் விசாரணையாளர்.”

“விசாரிச்சாச்சு. பிழை இருக்கறது தெரியும். தெரிஞ்சுதான் பயன்படுத்தறேன். விசாரிக்கற ஆள் பயனரா இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?”

மேஸ்திரி தேடியது. உலகத்தின் எல்லா விதிகளையும் தேட அதற்கு ஒரு கண்ணிமைப்பு போதும். இப்போது இரண்டு எடுத்துக்கொண்டது. “இல்லை. இதுவரை எவரும் கேட்டதில்லை. தங்கள் தேவை யாது?”

பெண்ணின் அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் என்ன சொல்ல முடியும்? “ஒரு ஜாதகம் பாக்கணும்” என்றான்.

“அத்தேவை எனக்கு விளங்கவில்லை” என்றது மேஸ்திரி. பிறகு, “ஆகவே தங்கள் சொல்லை ஏற்கிறேன். திருத்தம் கைவிடப்பட்டது. பயனர் ஒருவர்.”

தரணி பிறந்த விவரங்களை வாங்கிக்கொண்டான். பழைய இயந்திரத்தின் பொத்தான்மேல் விரலை வைத்தான். அழுத்தினால் திரை ஒளிரும். ஒளிர்ந்தால் உள்ளே தெரிகிற அத்தனையும் போய்விடும். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங் தம்பி, மெஷினு ஏதாச்சும் கோளாறுங்களா?” என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

“இல்லீங்க, நல்ல மெஷின்தான். கொஞ்சம் மெதுவாத்தான் எந்திரிக்கும்” என்றான் தரணி. பொத்தானை இன்னும் அழுத்தவில்லை.